கை தூக்காத பிள்ளைகளுக்கு ஒரு விதி

தம்பி, முதலில் சாப்பிட்டுவிட்டு வா. வெறும் வயிற்றோடு வாசிக்கிற கடிதம் இல்லை இது, நீளமாகத்தான் எழுதப்போகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஃபூட்டி விளையாடப் போனவன் நீ. அன்றைக்கு அதற்காக உன்னோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தேன். இப்போது பார்த்தால் அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இங்கிலீசில் மெசேஜ் வந்தால் ஒரே பார்வையில் விழுங்கிவிட்டு 'ஓகே அம்மா' என்று போட்டுவிடுவாய். இதை அப்படி விழுங்க முடியாது. மென்றுதான் ஆக வேண்டும்.

வீட்டுக் கதையை ஏன் பத்திரிகையில் போடுகிறீர்கள் என்று கேட்பாய். நம்முடைய பலசரக்குக் கடையில் கருவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாதாமாதம் கிடக்குமே, அந்தப் பத்திரிகைதான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர் திருத்தட்டும், வேறொன்றையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். அதில் போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்போது என்னைக் கண்டால் சனம் சுகம் விசாரிப்பதில்லை. வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு மனிசி முந்தாநாள் என்னை மறித்து, "அன்ரி, உங்கட மகன் உதைச்சே அமெரிக்கா போய்ட்டானாமே, எங்கட பெடியனை எங்க சேர்க்கிறது?" என்று கேட்டாள். பெடியன் அவளுடைய தள்ளுவண்டிக்குள் சூப்பியோடு இருக்கிறான். அவளைப் போன்றவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

அவர்களுக்காக உன் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ விளையாடுவது இங்கே ஒஸ்திரேலியாவில் விளையாடுகிற ஃபூட்டி இல்லை, அமெரிக்காக்காரருடைய ஃபுட்போல். பெயரில் கால் இருக்கிறதே தவிர, அந்தப் பந்தைக் காலால் தொடுகிறவர்கள் அங்கே மிகக் குறைவு. ஒரு பக்கத்துக்கு, அதாவது ஒரு அணிக்கு, பந்தைக் கொஞ்சத் தூரம் முன்னுக்குக் கொண்டுபோக நான்கு தரம் கொடுப்பார்கள். மூன்று தரமும் முட்டுப்பட்டு நின்றால், நாலாவது தரம் பெரும்பாலும் பந்தை எதிர்ப்பக்கத்துக்கே தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பண்ட். அந்த ஒரு உதைக்கென்றே ஒரு ஆளை வைத்திருப்பார்கள். அவனுக்கு யூனிவர்சிட்டிப் படிப்பும் சாப்பாடும் இருக்க இடமும் இலவசம். அந்த ஆள்தான் என் மகன்.

அதாவது, சொந்தப் பக்கம் முட்டுப்பட்டு நிற்கிற நேரத்தில்தான் நீ உள்ளே வருவாய். நீ ஓரத்தில் இருக்கிற வாங்கைவிட்டு எழும்பினாலே பார்க்க வந்த சனத்தின் முகம் செத்துவிடும். செத்தவீட்டுக்கு வருகிற சவப்பெட்டிக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இங்கே மெல்பேர்னில், டார்னெய்ட் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் கைதட்டல் கேட்கும். உங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை. பக்கத்து வீட்டுச் சித்ரா, கோயம்புத்தூர்க்காரி, உனக்குத் தெரியும்தானே, பொங்கல் சட்டியோடு வந்துவிடுவாள். முதல்நாள் வந்தபோது ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, தம்பி எப்பத்தான் வருவான்? உக்காந்தே இருக்கானே."

"அவன்ர ஆக்கள் நல்லா விளையாடினா அவன் வரமாட்டான்."

"அப்ப நல்லா விளையாடக் கூடாதுன்னு கும்பிடுங்க!"

"விடியத் தொடக்கம் அதைத்தானே கும்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

உன் கோச்சுக்கு இது தெரியவேண்டாம். உன் பக்கம் முட்டுப்பட வேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்களைக் கேட்டால் அந்த மனிசன் என்னை மைதானத்துக் கேற்றுக்குள்ளேயே விடமாட்டான். பிள்ளையாரும் பாவம். இத்தனை காலம் சனம் தங்கள் பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்றுதான் வந்து நின்றிருக்கும்.

நீ மைதானத்துக்குள் வெளிக்கிடும்போது முதலில் தெரிவது உன் முதுகுதான். அதில் அப்பாவின் பெயர். நம்முடைய வழக்கப்படி பதிந்ததால் அவருடைய பெயர்தான் உனக்குக் கடைசிப் பெயர். இங்கிலீசில் எழுதினால் ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோள்மூட்டில்தான் முடியும். மற்றப் பிள்ளைகளுக்கு நேராக எழுதியிருப்பார்கள், உனக்கு மட்டும் வானவில் மாதிரி வளைத்திருந்தார்கள். முதல் வருடம் அப்பா இருந்தார். தன் பெயர் அமெரிக்காவின் புல்லில் ஓடுவதைக் கண்டு கதிரையைவிட்டு எழும்பி நின்றார். வர்ணனைக்காரன் அந்தப் பெயரைப் பாதிவரை சொல்லி, மூச்சுவிட்டு, பிறகு 'அந்த ஒஸி', அதாவது அந்த ஒஸ்திரேலியாக்காரன், என்று முடித்துக்கொண்டான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்ச பிறந்து வளர்ந்த பெடியனை இஞ்ச எல்லாரும் எந்த ஊர் எண்டு கேட்டவங்கள். அமெரிக்காவுக்குப் போய்த்தான் அவன் ஒஸி ஆயிருக்கிறான்" என்றார். எனக்கோ வேறு வெட்கம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர் அது. 'இஞ்சாருங்கோ' என்றே காலத்தை ஓட்டியவள் நான். அந்தப் பெயரை ஒரு அந்நியன் ஒலிபெருக்கியில் கத்துகிறான்.

உன்னை அனுப்பச் சம்மதித்த நாள் நினைவிருக்கிறதா? உன் கோச் கணினித் திரையில் வந்தார். வீடு தேடி வந்த மனிசனைச் சும்மா அனுப்பக் கூடாதென்று நான் வடைத் தட்டைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மேசைக்குக் கீழே என் சீலையைப் பிடித்து இழுத்தாய். அவர் நல்ல மனிசன், "வெரி நைஸ், மேம்" என்றார். பிறகு, உதைக்கிறவன்மேல் ஒருவரும் மோதக் கூடாது, மோதினால் எதிர்ப்பக்கத்துக்குத் தண்டனை, மைதானத்திலேயே பத்திரமான ஆள் உங்கள் மகன்தான் என்றார். அப்பா அதை எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு அது போதும். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினேன். உதைக்கிறவனுக்குச் சட்டம் இருக்கிறது என்றால், அந்தப் பந்தைப் பிடிக்கிறவனுக்கு என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவன் யாருடைய பிள்ளையோ.

பிடிக்கிறவனுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பந்து வானத்தில் இருக்கும்போதே அவன் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்ட வேண்டும். ஆட்டினால் அவனைத் தொட முடியாது, ஆனால் அவனும் பந்தைப் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஓட முடியாது. ஆட்டாவிட்டால் பந்தோடு ஓடலாம், மற்றவர்களும் வந்து விழலாம். முதன்முதல் ஒரு பெடியன் கையை ஆட்டியபோது அவன் கூட்டத்தில் இருக்கிற தன் தாய்க்குக் கை காட்டுகிறான் என்று நினைத்து, நானும் திருப்பிக் காட்டினேன். சித்ராவும் காட்டினாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்து, "போதும், கையை இறக்குங்கோ, பந்தும் இறங்கீட்டுது" என்றார்.

அப்பாவுக்கு இந்தக் கை தூக்குகிற சட்டம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. தெருமுனையில் இருக்கிற திடலில் நீ உயர உயர உதைக்க, பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு யூனிஃபோர்மைக் கூடக் கழற்றாமல் அவர் நின்று பிடிப்பார். நெஞ்சில் அணைத்துப் பிடித்துவிட்டு 'மார்க்!' என்று கத்துவார். இங்கத்தைய ஃபூட்டியில் அவ்வளவுதான் சட்டம். தூரத்திலிருந்து உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் விசில் ஊதும், அதற்குப் பிறகு அவனை ஒருவரும் தொடுவதில்லை. பிடித்தவன் ஆறுதலாக மூச்சுவிட்டு, சப்பாத்து நூலைக்கூடக் கட்டலாம். ரீவியைப் பார்த்து அப்பா சொன்னார்: "இவங்கள் விசரங்கள். இருபது வயதுப் பெடியன், அவ்வளவு சனம் பாக்கேக்க, என்னை அடிக்காதேங்கோ எண்டு கை தூக்குவானே? நான் தூக்கமாட்டன்." அந்தப் பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதையும் அவர்தான் காட்டினார். பந்தைப் பார்த்தால் ஓடி வருகிறவர்கள் தெரியமாட்டார்கள். வருகிறவர்களைப் பார்த்தால் பந்து தெரியாது.

போன மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அதைப் பற்றி என்னோடு கதைக்க மாட்டாய், ஆகவே நான் கதைக்கிறேன். நீ உதைத்த உதை அப்படி ஒரு உதை. பந்து மேலே போய், படத்தைவிட்டே வெளியே போய், சித்ரா கரண்டியோடு "எங்கீங்க பந்து? எங்கீங்க?" என்று தேடினாள். நான் எழும்பி நின்று "அது என்ர பிள்ளை உதைச்சது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். பந்து இறங்கியது. கீழே நின்ற பிள்ளை மெலிந்தவன், கழுத்து நீண்டவன். கை தூக்கவில்லை. பந்து அவன் கைக்கு வருகிற அதே நேரத்துக்கு உன் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அதற்காகத்தானே நீ அவ்வளவு உயர உதைப்பது. என் வாய் இன்னும் மூடவில்லை, தம்பி. சந்தோசத்துக்குத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவனைச் சின்ன வண்டியில் ஏற்றினார்கள். படம் பிடிக்கிறவன் கூட்டத்துக்குள் ஒரு பெண்ணைக் காட்டினான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் யார் என்று வர்ணனைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. பிறகு உன் உதையை ஆறுதலாகத் திரும்பவும் போட்டுக் காட்டி, எவ்வளவு அருமையான உதை என்றார்கள். அதற்குப் பிறகு உன்னைக் காட்டினார்கள். உதைத்த இடத்திலேயே நின்றாய். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. சித்ரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்குப் பொங்கலை ஒருவரும் தொடவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது எழும்பி நடக்கிறான், இந்த வருடம் விளையாடமாட்டான் என்று நீதான் சொன்னாய். "இட் வாஸ் லீகல், அம்மா" என்றும் சொன்னாய். அவன் கை தூக்கவில்லை, உன் ஆட்கள் சட்டப்படிதான் விழுந்தார்கள், ஒருவரிலும் பிழையில்லை. நானும் பிழை என்று சொல்லவில்லை. ஒருவரும் பிழை செய்யாமலே ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்ற முடிகிறதென்றால் அந்தச் சட்டம் என்ன சட்டம் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது அங்கே அமெரிக்காவில் அதை மாற்றுவதைப் பற்றிக் கதைக்கிறார்களாம். இங்கத்தைய மாதிரியே, பண்ட் உதையைப் பிடித்தால் பிடித்ததுதான், பந்து அங்கேயே செத்தது, கை தூக்கத் தேவையில்லை, ஓடவும் முடியாது. விதி போடுகிறவர்கள் கூட்டம் வைத்து ஒவ்வொரு பக்கத்து உதைகாரனையும் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்களாம். மாற்ற வேண்டாம் என்று சொல்லச் சொல்லி உன் கோச் சொல்லிவிட்டார். காரணத்தையும் நீயே சொன்னாய்: "அம்மா, உயர உதைக்கிறதுக்குத்தான் என்னை எடுத்தவை. பிடிச்சாச் சரி எண்டு வந்தா, தூர உதைக்கிறவனே போதும். ஐ ஆம் டன்." எனக்கு விளங்காமலில்லை. உன் படிப்பும் இருப்பிடமும் அந்த உயரத்தில்தான் தொங்குகிறது. அந்தச் சட்டம் வரட்டும் என்று உன்னைப் பெற்றவளே சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?

யோகன் அண்ணைக்கும் பிடிக்கவில்லை. அப்பாவோடு பஸ் ஓட்டிய அதே யோகன் அண்ணைதான். போன கிழமை வந்திருந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு எனக்கு வகுப்பெடுத்தார்.

"பிடிச்ச உடன பந்து செத்துப்போச்செண்டா பிறகென்ன விளையாட்டு? பிடிச்சுக்கொண்டு நாலு பேரை வெட்டி ஓடுறதுதானே வடிவு!"

"வடிவுதான் அண்ணை. ஓடுறது உங்கட மகனெண்டா?"

"என்ர மகன் எக்கவுண்டன்."

"அதுதான் உங்களுக்கு வடிவாக் கிடக்கு."

மனிசன் தேத்தண்ணியை வைத்துவிட்டு வேறு பக்கத்தால் வந்தார். "உண்மையைச் சொல்லும் தங்கச்சி. உமக்கு மகன் வீட்ட வரவேணும். அதுக்காக அமெரிக்காக்காரன்ர சட்டத்தை மாத்தப் பாக்கிறீர்." நான் இல்லை என்றேன். பிறகு கோப்பையைக் கழுவும்போது யோசித்தேன். நீ வந்தால் எனக்குக் கசக்குமா? அந்தக் கள்ளமும் என் மனதில் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மூலையில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது வேறு.

நடுவில் இருப்பது உன் அப்பாவின் சாம்பார் வாளி. மெல்பேர்னில் எங்கே கலியாணம், எங்கே செத்தவீட்டு அந்தியேட்டி என்றாலும் பந்தியில் வாளி தூக்குவது அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகள் பரிமாற வந்து, இலைக்கு முன்னால் குனிந்து, "அன்ரி, சோறு வேணுமோ?" என்று பணிவாகக் கேட்பார்கள். அன்ரி "வேண்டாம் ராசா, போதும்" என்பார். பிள்ளை நன்றி சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். அன்ரி பசியோடு வீட்டுக்குப் போய் அந்தக் கலியாண வீட்டை வருடக்கணக்காகத் திட்டுவார். அப்பா அந்தப் பிள்ளைகளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லுவார்: "கேக்கக் கூடாது. கேட்டா எங்கட சனம் வேண்டாம் எண்டுதான் சொல்லும், சாகக் கிடந்தாலும் சொல்லும். கேக்காதேங்கோ. போடுங்கோ." தான் அப்படித்தான் செய்வார். இலைக்கு மேல் கையை விரித்து மறித்தால், விரலுக்கு இடையால் ஊற்றுவார்.

யோகன் அண்ணையின் மகளுடைய கலியாணத்திலும் அப்படித்தான் வாளியோடு ஓடினார். நடுவில் படியில் குந்திவிட்டார், சேர்ட்டெல்லாம் வியர்வை. யோகன் அண்ணை கேட்டார், "என்ன, ஏலாமக் கிடக்கோ?" என்று. "சீச்சீ, ஒண்டுமில்லை, வெக்கை" என்றார். சித்ராவின் புருஷன் கேட்டார், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று. வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போவமே என்று. "வயித்துக் காஸ்தான், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தா" என்றார். எல்லோரும் கேட்டோம், தம்பி. ஒருவரும் கேட்காமல் விடவில்லை. காலையில் அவர் எழும்பவில்லை. நீ அங்கிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு நீ என்னைப் பார்த்து ஏன் அம்புலன்சுக்கு அடிக்கவில்லை என்று கேட்காதது பெரிய விசயம். நானும் என்னைக் கேட்டுக் களைத்துவிட்டேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: ஊருக்கெல்லாம் கேட்காமல் போட்ட மனிசனுக்கு நாங்கள் எல்லோரும் கேட்டுப் பரிமாறிவிட்டோம். கை தூக்கினால்தான் காப்பாற்றுவோம் என்று நின்றோம். கை தூக்குகிற ஆளா அவர்?

ஆகவேதான் அந்தச் சட்டம் மாற வேண்டும் என்கிறேன். கை தூக்கு, தொடமாட்டோம் என்று சொல்வது பந்தியில் வந்து 'வேணுமோ' என்று கேட்கிற மாதிரி. அந்த வயதில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், 'வேண்டாம், நான் ஓடுவேன்' என்றுதான் எந்தப் பெடியனும் சொல்லுவான். அமெரிக்காப் பெடியனும் அப்படித்தான், எங்கள் ஊர் அராலிப் பெடியனும் அப்படித்தான். அவனைக் கேட்கவே கூடாது. பிடித்தானா, விசிலை ஊது. அவன் மனதுக்குள் 'இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஓடியிருப்பேன்' என்று வீரம் பேசிக்கொண்டு நல்ல கழுத்தோடு வீட்டுக்குப் போகட்டும். தாய் அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும். விளையாட்டின் வடிவு கொஞ்சம் குறையும், யோகன் அண்ணை சொல்வது சரிதான். குறையட்டும். வடிவு கொஞ்சம் குறைந்த மனிசரோடுதான் நாங்கள் எல்லோரும் வாழ்கிறோம்.

உனக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ என்ன செய்கிறாய் என்று நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அந்தப் பிள்ளை விழுந்த நாளுக்குப் பிறகு நீ ஒரு பந்தையும் ஒருவனுடைய தலைக்கு மேலே உதைக்கவில்லை. எல்லாம் பக்கத்துக் கோட்டுக்கு அப்பால், ஒருவரும் பிடிக்க முடியாத இடத்துக்குப் போகிறது. காலில் ஏதோ கோளாறு என்கிறான் வர்ணனைக்காரன். சித்ராகூட, "தம்பிக்கு மூட்டு வலிங்களா அக்கா?" என்று தைலம் கொண்டுவந்தாள். உன் காலில் ஒன்றுமில்லை. திடலின் மறுகோடியில் நின்ற அப்பாவின் நெஞ்சுக்கு நேரே போட்ட கால் அது. நீ வேண்டுமென்றே வெளியே உதைக்கிறாய். சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, பிடிக்கிறவனைக் கேட்காமலே காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். கோச் ஏசுகிறார், இப்படியே போனால் அடுத்த ஆளை இறக்குவேன் என்கிறார். அதையும் நீ சொல்லவில்லை. உன் கூட்டாளி ஒருவன் இணையத்தில் எழுதியதைச் சித்ரா வாசித்துச் சொன்னாள்.

ஆனால் ஒளித்து உதைப்பதை உன்னால் எத்தனை நாளைக்குச் செய்ய முடியும்? நீ வெளியே உதைத்தால் உன்னுடைய பந்து மட்டும்தான் ஒருவனையும் அடிக்காது. மற்றப் பக்கங்களில் உதைக்கிறவர்கள் உயரத்தான் உதைப்பார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் எழும்பி, காலால் சொல்வதை வாயால் சொல். 'உயர உதைப்பதுதான் என் தொழில், என்றாலும் இந்தச் சட்டம் வரட்டும்' என்று நீ சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கும். வரக்கூடாது என்றே உனக்கு மனதாரத் தோன்றினால் அதையும் சொல், கோச்சின் வாயால் சொல்லாமல் உன் வாயால் சொல். நீ எதைச் சொன்னாலும் எனக்குப் பிள்ளைதான். அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் இங்கே யூனிவர்சிட்டி இருக்கிறது, திடல் இருக்கிறது, உன் கட்டிலில் சித்ராவின் தையல் துணி கிடக்கிறது, அதை எடுக்கச் சொல்லலாம்.

இனி மிச்சத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு கிழமையும் உனக்குப் போன் எடுக்கிறேன். "எப்படி இருக்கிறாய்?" "ஐ ஆம் ஃபைன், அம்மா." "நித்திரை கொள்கிறாயா?" "ஃபைன், அம்மா." "நான் ஒருக்கா வரட்டோ?" "நோ, நோ, வேண்டாம் அம்மா, ஒண்டுமில்லை." அந்த 'ஒண்டுமில்லை'யைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு நேரே சித்ராவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அதே குரல், ராசா. கலியாண மண்டபத்துப் படியில் குந்தியிருந்த மனிசனுடைய அதே குரல். அந்தப் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறவன்தானே நீ, குரல் மட்டும் வேறெங்கே போகும்?

ஆகவே இந்தத் தரம் நான் கேட்கவில்லை. சித்ரா பிளேன் ரிக்கெற் எடுத்துத் தந்துவிட்டாள். நான் சமைக்கிற மூதாளர் இல்லத்துக் குசினியில் எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள், அங்கே இருக்கிற கிழவர் ஒருவர் நீ நல்லாக உதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார், அவருக்கு நீ கோட்டுக்கு வெளியே உதைப்பது தெரியாது. மிளகாய்த்தூள் கொண்டுபோகலாமா, மாசிக்கருவாடு கொண்டுபோகலாமா என்று நானும் சித்ராவும் சண்டை பிடித்து, கருவாட்டை விட்டுவிட்டோம். கோச்சுக்கு வடை கொண்டுவருகிறேன். போன தரம் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போன மனிசன், இந்தத் தரம் சாப்பிடட்டும். ஏசுவதென்றால் அதற்குப் பிறகு ஏசட்டும். அந்த மற்றப் பிள்ளையின் தாய் எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரித்து வை, அவளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு அவளுடைய பாசை தெரியாது. தலையில் வைத்த கையை இறக்கிவிட்டுப் பிடித்துக்கொள்ள அது தேவைப்படாது.

பத்திரிகை கடைக்கு வருகிற நேரம் நான் வானத்தில் இருப்பேன். இதைப் படம் பிடித்து யாராவது ஒரு அன்ரி உனக்கு அனுப்புவாள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நீ எழுத்துக் கூட்டி இந்த இடத்துக்கு வருவதற்குள் நான் வந்து இறங்கினாலும் இறங்கிவிடுவேன். எயர்போட்டுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. அவ்வளவு சனத்துக்குள் எனக்கு இங்கிலீசில் பெயர்ப்பலகை வாசிக்க வராது, ஆனால் அந்த வளைந்த பெயர் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். திரும்பி நின்றாலே போதும், நீ கையைத் தூக்கிக் காட்ட வேண்டாம். நானே உன்னைக் கண்டுபிடித்து வந்து, அங்கேயே பெட்டியைத் திறந்துவிடுவேன். பசிக்கிறதா என்று கேட்கமாட்டேன்.